பதினான்கு ஜன்னல்களும் இரண்டு வகை அணில்களும்

ஒன்பது வயதில் நான் பொறாமைப்பட்டது ஒரு ஜன்னலைப் பார்த்து. கூடப் படித்தவள் முதல் ரேங்க் வாங்கினாள் என்றோ, யாருக்கோ முழங்கால் வரை கூந்தல் என்றோ பொறாமைப்பட்டிருந்தால் இன்று வெளியே சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். என்னுடையது அலுமினியத்தில் செய்த, பக்கவாட்டில் நகர்கிற, சாதாரண ஜன்னல். சித்தி பெண்ணின் அறையில் இருந்தது. அதை ஒரே விரலால் திறக்கலாம்.

அது எழுபத்திரண்டாம் வருடம். அதுவரை சித்தி குடும்பமும் நாங்களும் மாண்ட்ரியலில் ஒரே தெருவின் இரண்டு முனைகளில் இருந்தோம். சித்தப்பா டாக்டர். அப்பா கல்லூரியில் பொறியியல் பாடம் நடத்தினார். எந்தப் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர் தொழில். அந்த வசந்த காலத்தில் சித்தப்பா ஊருக்கு வெளியே கர்க்லாண்டில் புது வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால் காய்ச்சுகிறார்கள் என்று நாங்கள் போனோம். மின்சார அடுப்பில் பால் பொங்க நெடுநேரம் ஆனது. பெரியவர்கள் எல்லாரும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்க, சித்தி பெண் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

அவள் என்னைவிட எட்டு மாதம் இளையவள். அன்று என்னவோ எட்டு வருடம் மூத்தவள் போல வீட்டைச் சுற்றிக் காட்டினாள். தனி அறை, தனிக் கட்டில், ரோஜா நிறத் திரைச்சீலை. எல்லாவற்றையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கொண்டேன். கடைசியில் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்று, சுண்டுவிரலை மட்டும் நீட்டினாள்.

"ஒன் ஃபிங்கர், பாரு."

ஜன்னல் சத்தமே இல்லாமல் நகர்ந்து திறந்தது. மறுபடியும் சுண்டுவிரல். மூடிக்கொண்டது. என்னையும் செய்து பார்க்கச் சொன்னாள். செய்தேன். எனக்கும் ஒரே விரலில் திறந்தது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

கீழே வந்தபோது பால் பொங்கி முடிந்து எல்லாரும் கூடத்துக்குப் போயிருந்தார்கள். சமையலறையில் அம்மா மட்டும் தனியாக நின்றிருந்தாள். அங்கேயும் அதே மாதிரி ஜன்னல். அம்மா ஒரு விரலால் அதைத் திறந்தாள், மூடினாள். பிறகு இன்னொரு தடவை திறந்து மூடினாள். என்னைக் கண்டதும் விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பால் குடித்தாயா என்று கேட்டாள்.

எங்கள் வீட்டு ஜன்னல்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது பழைய செங்கல் வீடு. மொத்தம் பதினான்கு ஜன்னல்கள், எல்லாம் மரம். மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு சட்டங்கள். கீழ்ச் சட்டத்தைத் தூக்கினால் மேலே ஏறும். ஏறின இடத்திலேயே அது நிற்பதற்காகச் சுவருக்குள்ளே இரும்புக் குண்டு தொங்குகிறது. குண்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கயிறு, கயிறு ஓட ஒரு கப்பி. நாங்கள் வாங்கிய காலத்தில் பாதி ஜன்னல்களில் கயிறு அறுந்து குண்டு உள்ளேயே விழுந்து கிடந்தது. அதனால் தூக்கின ஜன்னல் நிற்காது. எதையாவது முட்டுக் கொடுக்க வேண்டும். என் அறை ஜன்னலுக்கு ஒரு பிரெஞ்சு அகராதி. சமையலறை ஜன்னலுக்குப் பூரிக்கட்டை.

பூரிக்கட்டை ஜன்னலில் இருக்கும் நாட்களில் எங்களுக்குச் சப்பாத்தி கிடையாது. சப்பாத்தி போடும் நாட்களில் ஜன்னல் மூடியிருக்கும். வீடு முழுக்கப் புகை மண்டி, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தேய்ப்பாள். இன்னொரு பூரிக்கட்டை வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த ஊரில் அப்போது பூரிக்கட்டைக்கு எங்கே போவது? கடைகளில் கிடைத்ததெல்லாம் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த, உருளுகிற தடிக் கட்டை. அதில் சப்பாத்தி வராது என்பது அம்மாவின் தீர்ப்பு.

இது போதாதென்று ஒவ்வொரு ஜன்னலுக்கும் குளிர்காலத்துக்கென்று தனியாக ஒரு வெளி ஜன்னல் உண்டு. அக்டோபரில் பதினான்கையும் ஏணி வைத்து மாட்ட வேண்டும். ஏப்ரலில் கழற்றி அடுக்க வேண்டும். இந்த ஜன்னலுக்கு இதுதான் என்று ஜோடி தப்பாமல் இருக்க, அப்பா எண் போட்டு வைத்திருந்தார். ஈசானிய மூலையில் ஒன்றில் தொடங்கி, வீட்டைப் பிரதட்சிணமாகச் சுற்றி வந்து பதினான்கில் முடியும் எண்கள். அதில் சமையலறை ஜன்னல் நான்கு. என்னுடையது ஒன்பது.

கர்க்லாண்டிலிருந்து திரும்பும்போது இருட்டிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்து, விளக்கைப் போட்டு, புடவை கூட மாற்றாமல், அம்மா ஆரம்பித்தாள்.

"அந்தத் தெருவுல இன்னும் மூணு மனை காலியா இருக்காம்."

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பழைய பைன் மரம், இன்றைக்கு இப்படி ஒரு மரத்தைத் தேடினாலும் கிடைக்காது, இதை விட்டுவிட்டுத் தகரத்துக்கு ஓடுவதா என்று கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தார். சித்தப்பா மேல் அப்பாவுக்கும் கொஞ்சம் புகைச்சல் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பாலம் கட்டக் கணக்குப் போடுகிறவர் வீட்டில் ஜன்னலுக்குப் பூரிக்கட்டை முட்டு என்று சித்தப்பா ஒருமுறை சிரித்திருக்கிறார். நடந்துகொண்டே இருந்தவர் சட்டென்று நின்று ஒரு பந்தயம் வைத்தார்.

"இந்தக் கோடைல பதினாலையும் நானே ரிப்பேர் பண்றேன். நவம்பர்ல முதல் குளிர் வந்ததும் ஒவ்வொரு ஜன்னல்கிட்டயும் ஊதுபத்தியைக் காட்டிப் பாப்போம். ஒரே ஒரு ஜன்னல்ல புகை ஆடினாலும் சரி, வீட்டை வித்துட்டு கர்க்லாண்ட் போயிடலாம்."

"பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

நான் அன்றைக்கே காலி மனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். சித்தி வீட்டுக்கு எதிரே இருந்தது அது. என் அறைக்கு மஞ்சள் நிறத் திரைச்சீலை என்றும் முடிவாகிவிட்டது. அப்பாவால் ஜன்னல் ரிப்பேர் செய்ய முடியும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வீட்டில் ஆணி அடிப்பதென்றால்கூட முதலில் காகிதத்தில் படம் போடுகிறவர் அவர்.

என் கணக்கு தப்பாகப் போய்விட்டது. ஜூன் மாதம் முழுக்க அப்பா ஒவ்வொரு ஜன்னலாகப் பிரித்தார். நூலகத்திலிருந்து எடுத்து வந்த தச்சு வேலைப் புத்தகம் ஒரு கையில், உளி ஒரு கையில். முதல் ஜன்னலுக்கு இரண்டு வாரம் ஆனது. இரண்டாவதற்கு நான்கு நாள். ஜூலை பாதியில் ஒரே சனிக்கிழமையில் இரண்டு ஜன்னல்களை முடித்தார். சுவரிலிருந்த சின்னக் கதவு போன்ற பலகையை நெம்பி எடுத்து, உள்ளே கையை விட்டு, விழுந்து கிடந்த குண்டைத் தூக்கி, புதுக் கயிறு கட்டித் தொங்கவிடுவார். சமையலறை ஜன்னலை முடித்துவிட்டு, பூரிக்கட்டையை இரண்டு கைகளாலும் ஏந்திக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா ஜன்னலைத் தூக்கிப் பார்த்தாள். கொஞ்சம் முக்க வேண்டியிருந்தது. ஆனால் தூக்கின இடத்தில் நின்றது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்தது. இப்படியே போனால் கர்க்லாண்ட் அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது. அதே வாரம் சித்தி பெண் தொலைபேசியில், எதிர் மனைகளில் ஒன்று விற்றுவிட்டது, மஞ்சள் முடிக்காரப் பெண் ஒருத்தி வந்து பார்த்துவிட்டுப் போனாள், அவள்தான் இனி என் சிநேகிதி என்று சொன்னாள். என் இடத்தில் இன்னொருத்தி! இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் அப்பா வெளி ஜன்னல்களுக்கு வந்தார். வீட்டுக்குப் பின்பக்கம் மரத்தாலான நீண்ட தாழ்வாரம் ஒன்று உண்டு. பதினான்கையும் அங்கே சுவரோரம் சாய்த்து வைத்தார். கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடிக்கிற புட்டி என்ற பூச்சு, பழசாகிக் கல்லாக இறுகி, வெடித்து, தொட்டால் உதிர்ந்தது. அதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடி நழுவாமல் இருக்கச் சின்னத் தகர முக்கோணங்களைத் தட்டி இறக்கி, மேலே புதுப் புட்டி வைத்தார். சுண்ணாம்புப் பொடியில் ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்த புட்டி அது. அப்பா அதைக் கொழுக்கட்டை மாவு போல உள்ளங்கையில் உருட்டி, நீளத் திரியாக்கி, கட்டை விரலால் அழுத்திக்கொண்டே போய், கத்தியால் ஒரே இழுப்பில் வழித்துவிடுவார். முக்கோணங்களை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொன்றையும் வேண்டாவெறுப்பாகக் கொடுத்தேன்.

இறுக எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். இரண்டு மூன்று வாரம், அதுவரை யாரும் கை வைக்கக்கூடாது என்று அப்பா சொன்னார். எனக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாழ்வாரத்துக்குப் போனேன். ஒன்பதாம் எண் ஜன்னலில், கீழ் ஓரமாக, நகத்தை விட்டுக் கொஞ்சம் புட்டியைத் தோண்டினேன். வெண்ணெய் மாதிரி வந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பிறகு பத்தாம் எண்ணிலும் கை வைத்தேன். தோண்டின புட்டியை உருட்டி என் ஜாமெட்ரி பெட்டிக்குள் வைத்தேன். வகுப்பில் பெட்டியைத் திறந்தால் ஆளிவிதை எண்ணெய் வாசம் அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் அதை ஏதோ இந்தியத் தின்பண்டம் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தான். நான் செய்வது தப்பு என்று தெரியாமல் இல்லை. ரோஜா நிறத் திரைச்சீலையை நினைத்துக்கொண்டால் தப்பு மறந்து போகும்.

சனிக்கிழமை அப்பா பார்த்துவிட்டார். குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாக ஆராய்ந்தார். அந்த நேரம் பக்கத்து வீட்டுத் தாத்தா வேலிக்கு அப்பால் வந்து நின்றார். அவருக்கு ஆங்கிலம் வராது, அப்பாவுக்குப் பிரெஞ்சு வராது. எதிரே கிடந்த ஜன்னலைப் பார்த்ததும் அவர் கையைத் தட்டிச் சிரித்தார்.

"அ, முஸ்யூ! லெ ஸெக்குரை!"

என்ன சொல்கிறார் என்று அப்பா என்னைக் கேட்டார். வீட்டில் பிரெஞ்சு தெரிந்தது நான் ஒருத்திதான். அணில்களாம் அப்பா, புட்டியில் இருக்கிற எண்ணெய்க்காக வந்து தின்னுமாம் என்று மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. குற்றவாளியே மொழிபெயர்ப்பாளராக இருந்தும் இவ்வளவு நேர்மையாக மொழிபெயர்ப்பு நடப்பது அபூர்வம்.

அப்பா அதோடு விடுகிறவரா! உள்ளே போய் அடிக்கோலும் நோட்டும் எடுத்து வந்து, சேதத்தை அளக்க உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கே தெரியாத ஒன்று தெரிய வந்தது. ஒன்பதிலும் பத்திலும் மட்டுமில்லை, மூன்றிலும் நான்கிலும் ஐந்திலும் புட்டி போயிருந்தது. அவற்றை நான் தொடவே இல்லை. என்னுடையவை சின்னச் சின்னப் பிறைகளாக இருந்தன. அங்கே இருந்தவையோ நீளமாக, நேராக, சுத்தமாக இருந்தன. கத்தியால் கீறின மாதிரி ஒரு பிசிறு இல்லை. அப்பா அதைப் பார்த்து நெடுநேரம் யோசித்தார். எங்கள் தெரு மரங்களில் சாம்பல் அணிலும் உண்டு, கறுப்பு அணிலும் உண்டு. கடைசியில் அவர் நோட்டில், இரண்டு வகை அணில், இரண்டு வகைப் பல் என்று எழுதிக்கொண்டார். அம்மா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நான் ஒரு அணிலைக் கண்ணால் பார்க்காமலே அதன் மேல் பழி விழ விட்டிருக்க, நிஜமாகவே அணில்கள் வந்து எனக்காக வேலை செய்திருக்கின்றன! பிள்ளையார்தான் அனுப்பியிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து பையில் வேர்க்கடலை எடுத்துப் போய் மரத்தடியில் கூலியாக வைத்தேன். சாம்பலுக்கு ஒரு பங்கு, கறுப்புக்கு ஒரு பங்கு. நான் இரண்டு முடிப்பதற்குள் மூன்று ஜன்னல் வேலையை முடித்தவர்களுக்கு அது குறைவுதான் என்றும் தோன்றியது.

அப்பா ஐந்து ஜன்னல்களையும் மறுபடி சுரண்டி, மறுபடி புட்டி வைத்தார். இந்தத் தடவை எண்ணெயில் ஒரு வேலை செய்திருந்தார். அம்மாவிடம் மிளகாய்ப் பொடி கேட்டு வாங்கி, அதை எண்ணெயில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அந்த எண்ணெயை விட்டுப் பிசைந்திருக்கிறார். ஊரிலிருந்து வந்த குண்டூர் மிளகாய். அம்மாதான் டப்பாவை இறக்கிக் கொடுத்து, வடிகட்டும்போது துணியையும் பிடித்திருக்கிறாள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். புட்டி எப்போதையும்விடக் கொஞ்சம் அதிக மஞ்சளாக இருந்தது, அவ்வளவுதான். பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நான்கைந்து நாள் பொறுத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், அப்பா உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்க, ஒன்பதாம் எண்ணிடம் போய் உட்கார்ந்தேன். அன்று எனக்குக் கோபம் அதிகம். காலையில் சித்தி பெண் வந்து போயிருந்தாள். என் ஜன்னல் சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கிவிட்டு, "இன்னும் இதுதானா?" என்று சிரித்திருந்தாள். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை மொத்தமாகத் தோண்டினேன். பத்து நகத்துக்குள்ளும் புட்டி. அவளை நினைத்து அழுகை வர, புறங்கையால் துடைக்கத் தோன்றாமல் விரலாலேயே கண்ணைக் கசக்கிவிட்டேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தாத்தா வேலியைப் பிடித்துக்கொண்டு ஏதோ கத்தினார் என்று பிற்பாடு சொன்னார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, தரையில் மடியில் கிடத்தி, கண்ணில் பாலை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்.

"உங்கிட்ட சொல்லியிருக்கணும்டி. உங்கிட்டயாவது சொல்லியிருக்கணும்."

அரை மணி கழித்து ஒரு கண்ணைத் திறக்க முடிந்தது. எதிரே நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நகத்துப் பிறை அவருக்கு நோட்டில் அளந்து தெரிந்த அளவு. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"மிளகாய் வச்சதுலேர்ந்து மத்த மூணு ஜன்னலுக்கும் அணில் வரவே இல்ல. அணில் பயந்துடுச்சு. பயப்படாதது என் பொண்ணுதான். ஏன்டா கண்ணு?"

அந்தக் 'கண்ணு' என்ற சொல்லில் எனக்கு எல்லாம் உடைந்துவிட்டது. எனக்குக் கர்க்லாண்ட் போகணும், அவ மட்டும் ஒரு விரலில் திறக்கிறா, எனக்குப் பொறாமையா இருக்கு என்று ஏங்கி ஏங்கிச் சொன்னேன். பொறாமை என்ற சொல்லை அவ்வளவு வெளிப்படையாக அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் சொன்னதில்லை. அப்பா என்னைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். என்னைக் கண்டிக்கும்படி அவளிடம் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். அம்மா தலையைத் தூக்காமல், எரிச்சல் போன பிறகும், கிண்ணத்தில் இருந்த பாலைக் கண்ணில் விட்டுக்கொண்டே இருந்தாள். அன்று எனக்கு ஒரு திட்டுக்கூட விழவில்லை. சாயங்காலம் கேசரி வேறு கிடைத்தது. கண் போன துக்கத்துக்காக என்று நினைத்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்டோபரில் பதினான்கும் மாட்டியாயிற்று. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி கட்டின அன்று, அப்பா குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு, பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்திக் கட்டோடு வந்தார். ஈசானிய மூலையிலிருந்து பிரதட்சிணமாகத் தொடங்கினோம். அப்பா முன்னால், அம்மா பின்னால், நான் கடைசி. வெளியே காற்று ஊளையிட்டது. ஒன்றாம் எண்ணில் புகை நூல் பிடித்த மாதிரி நேராக ஏறியது. இரண்டிலும் மூன்றிலும் அப்படியே. நான்காவது ஜன்னலுக்கு வந்ததும், "சமையலறை உன்னோடது, நீயே பாரு" என்று அப்பா பத்தியை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா பத்தியை ஜன்னலருகே கொண்டு போனாள். புகை வளைந்தது. நன்றாகவே வளைந்து, உள்பக்கம் சாய்ந்து, ஆடியது. மஞ்சள் திரைச்சீலை மறுபடி கண்ணில் தெரிந்தது. அப்பா ஜன்னலைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பத்தியைத் தன் கைக்கு வாங்கி, அதே இடத்தில் பிடித்தார். புகை நேராக ஏறியது.

"என் மூச்சு பட்டிருக்கும்" என்றாள் அம்மா.

"பட்டிருக்கும்" என்றார் அப்பா.

பத்து ஜன்னல்கள் பாக்கி இருந்தன. ஒன்றிலும் புகை ஆடவில்லை. நாங்கள் கர்க்லாண்ட் போகவில்லை. அந்த மனைகளில் மற்ற இரண்டும் அடுத்த வருடமே விற்றுப்போயின. ஜெயித்த அப்பா அன்று சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஊதுபத்தியை அணைத்துவிட்டு, மத்தியானம் வரை நோட்டைப் புரட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரலில் வெளி ஜன்னல்களைக் கழற்றினபோதுதான் கடைசியாக ஒரு வேலை நடந்தது. அப்பா ஒரு கட்டு மெழுகுவர்த்தி வாங்கி வந்து, சமையலறை ஜன்னலின் சட்டங்களைக் கழற்றி, அவை ஏறி இறங்கும் தடத்தை உப்புத்தாளால் தேய்த்து, மெழுகைப் பூசினார். மறுபடி தேய்த்தார், மறுபடி பூசினார். கப்பிக்கு எண்ணெய் விட்டார். இரும்புக் குண்டைத் தராசில் நிறுத்து, கூட ஒரு சின்ன ஈயத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார். இரண்டு சனிக்கிழமைகள் இதற்கே போயின. முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டார். அவள் மாவுக் கையோடு வந்து நின்றாள். அப்பா தன் சுண்டுவிரலை மட்டும் நீட்டிக் காட்டினார்.

அம்மா ஒரு விரலைச் சட்டத்துக்குக் கீழே கொடுத்தாள். ஜன்னல் சத்தமே இல்லாமல் ஏறியது. இறக்கினாள். இன்னொரு தடவை ஏற்றி இறக்கினாள். மாவு பட்ட இடத்தைத் தலைப்பால் துடைத்தாள். அப்பாவைப் பார்க்காமல் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் எரிந்து துடித்தது நான். எல்லார் முன்னாலும் உண்மையை ஒத்துக்கொண்டது நான். ஒரு விரலில் திறக்க வேண்டும் என்று அழுததும் நான்தான். மெழுகு மட்டும் வேறு ஜன்னலுக்கா? அன்று என் அம்மாவைப் பார்த்தே பொறாமைப்பட்டேன். சித்தி பெண்ணிடம் பட்டதைவிட அதிகமாகவே பட்டேன்.

"அணில் கடிச்ச ஜன்னலுக்கு மட்டும் மெழுகா? என்னோடதுக்கு இல்லையா?" என்று கத்தினேன்.

அப்பா சிரித்தார். அந்த ஒரு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"உன்னோடது அடுத்த வாரம். முதல்ல அந்த அணிலைச் சமாதானப்படுத்தணும்ல?"

எண்ணெயில் மிளகாய் ஊறினது அந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். மூன்று, நான்கு, ஐந்தாம் ஜன்னல்களில் புதுப் புட்டியை ஒரு அணில்கூட ஒரு தடவைகூடக் கடித்துப் பார்க்கவில்லை. கடித்துப் பார்க்காமலே காரம் என்று அவற்றுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒன்பது வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எந்த அணிலைச் சொல்கிறார் என்று அறிய, திறந்திருந்த ஜன்னலில் தலையை நீட்டித் தோட்டத்து மரத்தைக் கிளை கிளையாகத் தேடினேன். சாம்பலும் இல்லை, கறுப்பும் இல்லை. எனக்குப் பின்னால் அம்மா திரும்பிப் போய்ச் சப்பாத்தி தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.